ஒரு கணினி, பல குடித்தனம்: டில்டே சமூகங்களுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

உலகின் ஏதோ ஒரு மூலையில் மாத வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் கணினி. அதில் ஐம்பது பேருக்கோ ஐந்நூறு பேருக்கோ ஆளுக்கொரு கணக்கு. எல்லோரும் தங்கள் வீட்டிலிருந்தே அதற்குள் நுழைந்து, கறுப்புத் திரையில் கட்டளை தட்டி, அங்கேயே நிரல் எழுதிப் பழகுகிறார்கள், அங்கேயே வலைப்பக்கம் வைத்துக்கொள்கிறார்கள், அங்கேயே அரட்டையும் அடிக்கிறார்கள். விளம்பரம் கிடையாது. யார் எழுதியதை எத்தனை பேர் விரும்பினார்கள் என்ற கணக்கு கிடையாது. சென்னையின் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும்: தனித்தனி அறை, பொதுவான முற்றம், ஒரே குழாய்.

இவற்றை டில்டே சமூகங்கள் என்பார்கள். யூனிக்ஸ் கணினிகளில் ஒவ்வொருவருடைய சொந்தக் கோப்பகத்தையும் டில்டே எனப்படும் ~ குறியால் சுட்டுவது பழைய வழக்கம். வலை முகவரியிலும் பெயருக்கு முன்னால் அதே குறி வரும். 2014இல் அமெரிக்க எழுத்தாளர் பால் ஃபோர்ட், இப்படி ஒரு கணினியில் கணக்கு வேண்டுமா என்று ட்விட்டரில் விளையாட்டாகக் கேட்கப்போக, நூற்றுக்கணக்கானோர் வரிசையில் வந்து நின்றார்கள். அப்படிப் பிறந்தது டில்டே கிளப். அதைப் பார்த்து அதே ஆண்டில் டில்டே டவுன் வந்தது. பிறகு இன்னும் பல. ஆனால் வழக்கம் அதைவிடப் பழையது. எஸ்.டி.எஃப் என்ற அமைப்பு 1987இல் ஓர் ஆப்பிள் கணினியில் தொலைபேசி வழி அறிவிப்புப் பலகையாகத் தொடங்கி, இன்றும் நெட்பிஎஸ்டி இயங்குதளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கட்டளைகளைக் கற்பது இதில் எளிய பகுதி. இருபது கட்டளை தெரிந்தால் காலம் தள்ளலாம். அதையும் அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம். கடினமானது, பிறரோடு ஒரே கணினியில் குடியிருக்கப் பழகுவதும் பதில் வரும்வரை பொறுத்திருப்பதும்தான். ஆங்கிலத்தில் உள்ள வழிகாட்டிகள் கட்டளைகளை விரிவாகச் சொல்கின்றன. நம் ஊர் இணைப்பும் நம் கடிகாரமும் நம் எழுத்தும் அங்கே படும் பாட்டைச் சொல்வதில்லை. ஆகவே அங்கேதான் நான் அதிகம் நிற்கப்போகிறேன். கட்டளைகளின் பெயரை மட்டும் இங்கே தருகிறேன். எழுத்துக்கு எழுத்து எப்படித் தட்டுவது என்பதை நீங்கள் சேரும் இடத்தின் உதவிப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் அது கொஞ்சம் மாறும்.

இடம் பார்த்தல்

முதலில் மூன்று நான்கு சமூகங்களின் முகப்புப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் உறுப்பினர் பட்டியல் இருக்கும். யாருடைய பக்கம் அண்மையில் மாறியது என்றும் சில இடங்களில் காட்டுவார்கள். பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்து பாருங்கள். ஒருவர் விசைப்பலகையைத் தானே சாலிடர் செய்த கதையை எழுதியிருப்பார். இன்னொருவர் வெறும் எழுத்துகளைக் கொண்டே பூனை வரைந்திருப்பார். மூன்றாமவர் 'விரைவில் வரும்' என்று ஒரே வரி எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் காணாமல் போயிருப்பார். மூன்றாம் வகை எல்லா இடத்திலும் உண்டு, அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். கடந்த ஒரு மாதத்தில் யாராவது எதையாவது மாற்றியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

இடத்துக்கு இடம் குணம் வேறு. எஸ்.டி.எஃப் பெரியது, வசதிகள் மிகுதி, ஆனால் அங்கே ஒரு முகம் தெரிய நாளாகும். டில்டே டவுனில் கலையும் விளையாட்டும் அதிகம். காஸ்மிக் வாயேஜ் என்றோர் இடம் இருக்கிறது: உறுப்பினர்கள் ஆளுக்கொரு விண்கலத்தைக் கற்பனை செய்து, அதிலிருந்து செய்தி அனுப்புவதாகக் கதை எழுதுகிறார்கள். நிரலில் ஆசையில்லாமல் எழுத்தில் மட்டும் ஆசையுள்ளவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். எது பிடித்தாலும் ஒன்றில் மட்டும் சேருங்கள். ஐந்து இடங்களில் கணக்கு வாங்கி ஐந்திலும் தலைகாட்டாமல் இருப்பவர்களால் நிர்வாகிகளுக்கு வேலைதான் மிச்சம்.

விதிமுறைப் பக்கத்தைத் தவிர்க்காதீர்கள். நிர்வாகி யார், எதற்காகக் கணக்கு மூடப்படும், ஒருவர் தொல்லை கொடுத்தால் யாரிடம் சொல்வது ஆகிய மூன்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிராத இடங்களில் எல்லாம் நன்றாக நடக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் நடக்கும்.

சாவி

உள்ளே நுழையும் வழி எஸ்எஸ்எச். 1995இல் ஃபின்லாந்தில், பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடியதை அடுத்து டாட்டு இலோனன் எழுதிய நெறிமுறை (கணினிகள் ஒன்றோடொன்று பேசும் விதி) அது. டில்டே இடங்கள் பெரும்பாலும் கடவுச்சொல்லையே ஏற்பதில்லை. சாவிச் சோடி ஒன்றைக் கேட்கும். ஒன்று பொதுச் சாவி, அதைக் கொடுக்கலாம். மற்றது தனிச் சாவி, அது உங்கள் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது.

இதற்காக லினக்ஸ் நிறுவ வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விண்டோஸ் 10 முதலே எஸ்எஸ்எச் உள்ளே வருகிறது; மேக்கில் எப்போதும் உண்டு; ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் செயலியை நிறுவினால் போதும். கைபேசி மட்டும் உள்ளவரும் தாராளமாகச் சேரலாம், தட்டச்சுதான் கொஞ்சம் படுத்தும். எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையை, சாவியின் வகை இடி25519 என்று குறிப்பிட்டு இயக்குங்கள். சாவிக்கு ஒரு கடவுத்தொடரும் கேட்கும். அதை வெறுமனே எண்டர் தட்டித் தாண்டிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். மடிக்கணினி தொலைந்தால் அந்தத் தொடர்தான் காவல்.

இப்போது இரண்டு கோப்புகள் உருவாகியிருக்கும். அவற்றை ஒரு முறையாவது திறந்து கண்ணால் பாருங்கள். பொதுச் சாவி ஒரே வரி: முதலில் வகையின் பெயர், ஓர் இடைவெளி, பிறகு 68 எழுத்துகள் கொண்ட ஒரு கூளம், கடைசியில் உங்கள் பயனர்பெயரும் கணினியின் பெயரும். தனிச் சாவி பல வரிகள். மேலே ஐந்து சிறு கோடுகள், பிறகு 'பிகின் ஓபன்எஸ்எஸ்எச் பிரைவேட் கீ' என்று பெரிய எழுத்தில். விண்ணப்பத்தில் ஒட்டப்போகும் நேரத்தில் கோடுகள் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள், கையில் இருப்பது தவறான கோப்பு. இன்னொன்று: அந்த ஒரே வரி வழியில் எங்காவது உடைந்து இரண்டு வரியானால் சாவி வேலை செய்யாது. வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி, அதிலிருந்து பிரதியெடுத்து ஒட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். வரியின் கடைசியில் உள்ள கணினிப் பெயர் வெறும் குறிப்புதான்; உங்கள் முழுப் பெயர் அதில் இருந்தால் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

விண்ணப்பம்

இங்கே விண்ணப்பத்தைப் படிப்பது மனிதர். அலுவலக வேலை முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, வரிசையில் நிற்கும் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகத் திறக்கும் ஒரு தன்னார்வலர். அவர் அதில் பெரிதாகத் தேடுவது எதுவும் இல்லை. எதிரில் இருப்பது ஸ்பாம் அனுப்ப வந்த ஆளா, உண்மையில் ஏதாவது செய்ய வந்தவரா என்று மட்டும் பார்க்கிறார். 'லினக்ஸ் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்' என்ற வரி பொய்யில்லை, ஆனால் அதை எல்லோரும் எழுதுகிறார்கள். 'திருநெல்வேலியில் இருக்கிறேன், பழைய வானொலிகளைப் பழுது பார்ப்பது பொழுதுபோக்கு, அவற்றின் சுற்றுப்படங்களை எளிய பக்கங்களாகப் போட்டுவைக்க ஓர் இடம் தேடுகிறேன், உங்கள் உறுப்பினர் ஒருவரின் கேசட் பக்கத்தைப் பார்த்து வந்தேன்' என்று எழுதினால் அதில் ஓர் ஆள் தெரிகிறார். நான்கு வரி போதும். ஆங்கிலம் பிழையாக இருந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிய வழுவழுப்பான பத்திதான் இப்போதெல்லாம் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

பயனர்பெயரைக் கொஞ்சம் யோசித்து வையுங்கள். சிறிய எழுத்துகள், இடைவெளி இல்லை, பன்னிரண்டுக்குள். அது உங்கள் வலை முகவரியிலும் மின்னஞ்சலிலும் அரட்டையிலும் வரும். பிறந்த ஆண்டைச் சேர்க்க வேண்டாம்.

பதில் வர ஒரு வாரம் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். இரண்டாம் விண்ணப்பம் போடாதீர்கள். அதனால் வரிசைதான் நீளும்.

உள்ளே போன முதல் மணி நேரம்

முதன்முறை இணையும்போது, எதிரே இருக்கும் கணினியின் கைரேகை இன்னது, தொடரலாமா என்று ஒரு கேள்வி வரும். கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்று தட்டுவதே உலக வழக்கம். ஒரு முறையாவது, சமூகத்தின் உதவிப் பக்கத்தில் போட்டிருக்கும் கைரேகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலை.

உள்ளே போனதும் வரவேற்புச் செய்தி ஓடும். அதில் பராமரிப்பு அறிவிப்பு, புதிய கருவிகள், யாரோ ஒருவரின் பிறந்தநாள் என்று எல்லாம் கலந்திருக்கும். படியுங்கள். பிறகு ஹூ என்று தட்டுங்கள்: இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள், எப்போது வந்தார்கள் என்ற பட்டியல் வரும். டபிள்யூ என்ற ஒற்றை எழுத்துக் கட்டளை, ஒவ்வொருவரும் எவ்வளவு நேரமாக விசையைத் தொடவில்லை என்பதையும் காட்டும். பன்னிரண்டு பேர் இருப்பதாகத் தோன்றும். பார்த்தால் ஒன்பது பேர் இரண்டு நாளாக எதையும் தட்டியிருக்க மாட்டார்கள். கணினியை இணைத்தபடியே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த ஒரு பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டால், அரட்டை அறையில் ஏன் யாரும் பதில் சொல்வதில்லை என்று பின்னால் வருந்த வேண்டியிராது.

ஃபிங்கர் என்ற கட்டளையோடு ஒருவருடைய பயனர்பெயரைக் கொடுங்கள். 1971இல் ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் லெஸ் எர்னஸ்ட் எழுதியது, இன்னும் உயிரோடு இருக்கிறது. நீங்கள் பெயர் கொடுத்தவர் 'பிளான்' என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு வைத்திருந்தால் அதில் எழுதியது உங்கள் திரையில் வரும். இந்த வாரம் என்ன செய்கிறேன், என்ன படிக்கிறேன் என்று பலர் அதில் எழுதுகிறார்கள். டூம் விளையாட்டை எழுதிய ஜான் கார்மாக் 1990களில் தன் வேலைக் குறிப்புகளை இதே வகைக் கோப்பில்தான் வெளியிட்டார். நீங்களும் முதல் நாளே ஒன்று எழுதிவையுங்கள். உங்களைப் பற்றி அறிய விரும்புகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அடுத்தது, பலர் கவனிக்காத விஷயம். பல டில்டே கணினிகளில் உங்கள் கோப்பகத்தை மற்ற உறுப்பினர்கள் திறந்து பார்க்கலாம். அது பிழையில்லை, ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பார்த்துக் கற்கட்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே தனிப்பட்டதை வைக்க ஒரு துணைக் கோப்பகம் உண்டாக்கி, சிஎச்மாட் கட்டளையால் அதற்கு 700 என்று அனுமதி கொடுங்கள். உங்களைத் தவிர மற்ற உறுப்பினர் திறக்க முடியாது. நிர்வாகியால் முடியும். எந்தப் பூட்டும் நிர்வாகிக்குப் பூட்டல்ல. வங்கி, ஆதார், அலுவலகக் கடவுச்சொல் எதையும் அங்கே வைக்காதீர்கள்.

குழாய் ஒன்று என்றேனே, அது நினைவகத்துக்கும் சிபியுவுக்கும் பொருந்தும். கிரிப்டோ நாணயம் தோண்டுவது, பிற கணினிகளின் கதவுகளைத் தட்டிப் பார்க்கும் ஸ்கேன், டாரன்ட் இறக்கம் ஆகிய மூன்றுக்கும் எச்சரிக்கை கூட வராது, கணக்கு போய்விடும். அவை தெரிந்தே செய்வது. தெரியாமல் செய்வதுதான் அதிகம்: முடிவில்லாமல் சுழலும் ஒரு நிரலை ஓடவிட்டு, ஜன்னலை மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுவது. எச்டாப் கட்டளையில் உங்கள் பெயரில் என்னென்ன ஓடுகிறது என்று வெளியேறும் முன் ஒரு பார்வை பாருங்கள்.

இணைப்பு அறுவதும் தடைபடுவதும்

ஆங்கில வழிகாட்டிகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து, அறுபடாத இணைப்பில் வேலை செய்கிறவரை நினைத்து எழுதப்பட்டவை. இங்கே மின்சாரம் போகும், வைஃபை போகும், கைபேசித் தரவுக்கு மாறுவோம், விழுப்புரம் தாண்டி ரயிலில் சிக்னல் கண்ணாமூச்சி ஆடும். எஸ்எஸ்எச் இதைத் தாங்காது. திரை உறைந்து நிற்கும், எழுதிக்கொண்டிருந்தது போகும்.

முதல் மருந்து டிமக்ஸ். உள்ளே நுழைந்ததும் அதை இயக்கி, அதற்குள் வேலை செய்யுங்கள். இணைப்பு அறுந்தாலும் வேலை அந்தக் கணினியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மறுபடி வந்து அட்டாச் செய்தால் விட்ட எழுத்திலிருந்து தொடரலாம். இரண்டாவது மாஷ் என்ற இணைப்பு நிரல். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2012இல் வெளிவந்தது, ஐபி முகவரி மாறினாலும் இணைப்பை விடாது. ஆனால் இது யுடிபி 60000 முதல் 61000 வரையிலான துறைகளை (போர்ட் எண்களை) பயன்படுத்துவதால் எதிரே உள்ள கணினியிலும் நிறுவித் திறந்திருக்க வேண்டும். இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலான நிர்வாகிகள் கேட்டால் நிறுவிவிடுவார்கள்.

இன்னொரு தொல்லை நம் நாட்டில் மிகுதி. தவறான நுழைவு முயற்சிகள் அடுத்தடுத்து வந்தால் அந்த ஐபி முகவரியைத் தடுத்துவிடும் ஃபெயில்டுபான் என்ற காவல் நிரல் பல கணினிகளில் ஓடுகிறது. கைபேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. எங்கோ ஒருவருடைய கைபேசியில் இருக்கும் தீநிரல் கதவைத் தட்ட, நீங்கள் வெளியே நிற்பீர்கள். நேற்றுவரை வேலை செய்த இணைப்பு திடீரென்று சத்தமில்லாமல் நின்றால், உடனே சாவியை அழித்துப் புதிதாகச் செய்யத் தொடங்காதீர்கள். வேறொரு இணைப்பில் முயலுங்கள். அதில் நுழைய முடிந்தால் காரணம் இதுதான். நிர்வாகிக்கு எழுதும்போது உங்கள் பொது ஐபி முகவரியையும் தடைபட்ட நேரத்தையும் சொல்லுங்கள். நேரத்தை யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், சொல்வது மரியாதை: இந்திய, இலங்கை நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழித்தால் போதும், சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் எட்டு மணி நேரம் கழிக்க வேண்டும்.

பக்கம் போடுதல்

இதில் சொல்ல அதிகம் இல்லை. உங்கள் கோப்பகத்தில் பப்ளிக்_எச்டிஎம்எல் என்றொரு துணைக் கோப்பகம் இருக்கும். அதில் இண்டெக்ஸ் கோப்பை நானோ திருத்தியில் திறந்து எழுதிச் சேமித்தால் அடுத்த நொடி உலகத்துக்குத் தெரியும். விம் என்ற திருத்தியில் பழகியவர்கள் அதையே பயன்படுத்தட்டும். பழகாதவர்கள் வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொள்ள வேண்டாம். வார்ப்புருவும் ஜாவாஸ்கிரிப்டும் இல்லாமல் தலைப்பு, இரண்டு பத்தி, ஒரு படம் என்று தொடங்குங்கள்.

கொஞ்சம் பழகியபின் ஜெமினியைப் பாருங்கள். வலைக்கு வெளியே, 2019இல் தொடங்கிய எளிய நெறிமுறை. ஜெமினி விண்கலத்தில் மனிதர் முதலில் பறந்த ஆண்டு 1965 என்பதால் அதன் துறை எண்ணும் 1965. குக்கி இல்லை, பக்கத்துக்குள் ஓடும் நிரல் இல்லை, ஒரு வரிக்கு ஓர் இணைப்புதான். லக்ரான்ஜ் என்ற உலாவியை நிறுவினால் படிக்கலாம். பல டில்டே கணினிகள் இதற்கும் இடம் தருகின்றன. இதில் எழுதுவது எனக்கு வலைப்பக்கத்தைவிடப் பிடித்திருக்கிறது: எழுத்தின் நிறத்தையும் அளவையும் வாசகரின் உலாவியே முடிவு செய்வதால், எழுதுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

அரட்டை அறை

டில்டே வாழ்க்கையின் பாதி ஐஆர்சி என்ற அரட்டை ஏற்பாட்டில் நடக்கிறது. 1988இல் ஃபின்லாந்தின் ஊலு நகரில் யார்க்கோ ஓய்க்கரினன் எழுதியது. வீச்சாட் போன்ற ஒரு நிரலை டிமக்ஸுக்குள் ஓடவிட்டால், நீங்கள் இல்லாதபோது நடந்த பேச்சையும் பிறகு படித்துக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் அறைக்குள் போகாதீர்கள், ஏன் என்றால்:

புதியவர் வருகிறார். வணக்கம் என்கிறார். ஓர் ஐயம் கேட்கலாமா என்கிறார். நான்கு நிமிடம் காத்திருக்கிறார். யாரும் இல்லை போலிருக்கிறது என்று எழுதிவிட்டு வெளியேறுகிறார். நாற்பது நிமிடம் கழித்து, காபி குடித்துவிட்டு வந்த ஒருவர், வணக்கம், தாராளமாகக் கேளுங்கள் என்று எழுதுகிறார். அங்கே கேட்க யாரும் இல்லை. எல்லா அறையிலும் எல்லா வாரமும் நடப்பது இது.

கேட்கலாமா என்று கேட்காமல் கேள்வியையே எழுதுங்கள்: என்ன செய்ய முயன்றீர்கள், என்ன கட்டளை, என்ன பிழைச் செய்தி. எழுதிவிட்டு இணைப்பை விடாமல் உங்கள் வேலையைப் பாருங்கள். பதில் நாளை வரலாம். நியூயார்க்கில் இரவு எட்டு மணி, அங்கே கோடையில் நமக்கு மறுநாள் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30. பெர்லினில் கோடை இரவு எட்டு என்றால் நமக்கு 11.30. விடியலில் எழுகிறவர்களுக்கு அமெரிக்கர்கள் வாய்ப்பார்கள், இரவில் விழித்திருப்பவர்களுக்கு ஐரோப்பியர்கள். மதியம் இரண்டு மணிக்கு அறை காலியாகத்தான் இருக்கும். அதை மனத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் பேசுவதைவிட அதிகம் படியுங்கள். அறைக்கென்று உள்விளையாட்டுகள் இருக்கும், பழைய சண்டைகள் இருக்கும், ஒருவர் பெயரைச் சொன்னால் ஒரு ரோபாட் குறுக்கே வந்து கவிதை சொல்லும். அரட்டையில் நடந்ததைத் திரைப்பிடிப்பு எடுத்து வெளியே பகிர்வதைப் பல சமூகங்கள் விரும்புவதில்லை. முப்பது பேர் கூடிப் பேசும் இடம் என்று நம்பித்தான் ஒருவர் தன் மன அழுத்தத்தைப் பற்றிக் கூட அங்கே எழுதுகிறார்.

தமிழ் படும் பாடு

ஐஆர்சியில் ஒரு செய்தி 512 பைட்டுக்கு மேல் போகக் கூடாது, அனுப்புநர் பெயர், அறையின் பெயர் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியீட்டுக்கும் யுடிஎஃப்-8 என்ற குறிமுறையில் மூன்று பைட். உயிர்க்குறியும் புள்ளியும் தனிக் குறியீடுகள். 'வணக்கம்' கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு குறியீடு, 21 பைட். ஆக, ஒரு செய்தியில் ஏறக்குறைய 140 குறியீடு, சுமார் பதினைந்து சொல்தான் தேறும். அதற்கு மேல் எழுதினால் சில நிரல்கள் அழகாக இரண்டாகப் பிரிக்கும். சில நடுவில் வெட்டிவிட, கடைசி எழுத்து கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாக நிற்கும். தமிழில் பேசுவதானால் சிறு சிறு வாக்கியமாகத் தட்டி அனுப்பிப் பழகுங்கள்.

டெர்மினல், அதாவது கட்டளை தட்டும் அந்தக் கறுப்புத் திரை, இன்னொரு கதை. அது திரையை ஒரே அளவுக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒன்று என்று எழுத்தை வைக்கும் ஏற்பாடு. நம் எழுத்தில் 'ர' ஒல்லி, 'ண' அகலம். 'கெ' என்பதில் கொம்பு முன்னால் வர வேண்டும், ஆனால் கோப்பில் அது 'க'வுக்குப் பின்னால் இருக்கிறது. இதை அறியாத டெர்மினலில் கொம்பு தனியே புள்ளி வட்டத்தோடு தொங்கும். 'கொ' இரண்டு துண்டாகும். கர்சர் ஓரிடத்தில் நிற்க, அழிவது வேறோர் எழுத்தாக இருக்கும். எம்எல்டெர்ம் போல பல மொழிகளுக்கென்றே எழுதப்பட்டவை பரவாயில்லை. எல்லா இடத்திலும் செல்லும் வழி ஒன்று உண்டு: தமிழ்ப் பக்கத்தை உங்கள் கணினியிலேயே வழக்கமான திருத்தியில் எழுதுங்கள், எஸ்சிபி அல்லது எஸ்எஃப்டிபி மூலம் மேலேற்றுங்கள். டெர்மினலில் எப்படித் தெரிந்தாலும் கோப்பு சரியாகவே இருக்கும். உலாவியில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துக் குறிமுறை யுடிஎஃப்-8 என்றும் மொழி தமிழ் என்றும் குறிப்பிட மறக்காதீர்கள். இரண்டாவது குறிப்பு திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற வாசகருக்குத் தேவை. உள்ளே எல்லாம் கேள்விக்குறியாகத் தெரிந்தால் உங்கள் கணக்கின் லோகேல் (மொழி, குறிமுறை) அமைப்பைப் பாருங்கள். அதன் முடிவில் யுடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். கோப்புப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். 'வணக்கம்' என்று பெயரிட்ட பக்கத்தின் முகவரியைப் பிரதியெடுத்து ஒட்டினால் அந்த ஒரு சொல் விழுக்காட்டுக் குறிகளோடு 63 எழுத்தாக நீளும்.

ஆங்கிலம் பேசும் பொது அறையில் தமிழில் எழுதலாமா? இன்னொரு தமிழரைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் இரண்டு வரி பேசலாம். தொடர்வதானால் தனி அறை திறந்துகொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், அனுமதி வேண்டியதில்லை. தமிழிலேயே நேரில் கேட்டுக் கற்க விரும்பினால் சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. சிறு கூட்டமாகச் சேர்ந்து சம்பளமில்லாமல் இணையத்தில் வேலை செய்வது நமக்குப் புதிதும் அல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் இலவசமாக வெளியிட்டார்கள். யூனிகோடு நம் கணினிகளுக்கு வந்து சேராத காலம். தமிழைத் திரையில் காண எழுத்துரு இறக்கி நிறுவ வேண்டியிருந்தது.

காசும் கைம்மாறும்

கணக்கு இலவசம், கணினி இலவசமல்ல. மாத வாடகையை நிர்வாகியோ சில உறுப்பினர்களோ கையிலிருந்து போடுகிறார்கள். நன்கொடை பக்கம் இருந்தால் முடிந்ததைக் கொடுங்கள். ஆனால் வெளிநாட்டுக்குச் சிறு தொகை அனுப்ப முயன்றால் நம் அட்டை மறுக்கப்படுவது சகஜம், அதற்காகக் குறுக வேண்டாம். பணத்தைவிட அரிதாகக் கிடைப்பது வேறு. உதவிப் பக்கத்தில் ஒரு படி விடுபட்டிருப்பது புதியவரின் கண்ணுக்குத்தான் தெரியும். பழையவர்களுக்கு அது மனப்பாடம். நீங்கள் எங்கே தடுமாறினீர்கள் என்பதை அன்றே குறித்துவைத்து, அந்தப் பக்கத்தைத் திருத்தி அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்து உங்களுக்கும் மறந்துவிடும்.

காப்பும் விடையும்

ஒரே கணினி, ஒரே நிர்வாகி என்றால் ஒரு வன்தட்டு பழுதானாலோ அவருக்கு அலுத்துப்போனாலோ எல்லாம் முடிந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் மறைந்த டில்டேக்கள் உண்டு. ஆர்சிங்க் கட்டளையால் மாதம் ஒரு முறை உங்கள் கோப்பகம் முழுவதையும் வீட்டுக் கணினிக்கு இறக்கிவையுங்கள். முதல் முறைக்குப் பிறகு மாறியவை மட்டும் வரும் என்பதால் சில நொடியில் முடியும். அரட்டைப் பதிவுகளில் பிறர் எழுதியதும் இருக்கும், அவற்றை இறக்கினால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சிலருக்கு ஆறு மாதத்தில் ஆர்வம் தணியும். சத்தமில்லாமல் மறைவதைவிட நிர்வாகிக்கு ஒரு வரி எழுதுவது நல்லது. குறித்த நேரத்தில் தானே ஓடும்படி கிரானில் போட்டுவைத்த வேலைகளை நிறுத்துங்கள், டிமக்ஸில் ஓடுவதை மூடுங்கள், வேறிடம் போகிறீர்கள் என்றால் பக்கத்தில் புதிய முகவரியை எழுதிவையுங்கள். கணக்கை மூடச் சொல்லும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: அந்த டில்டே மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து வேறு எங்காவது கணக்குத் தொடங்கியிருந்தால் முதலில் அங்கே முகவரியை மாற்றிவிடுங்கள். உங்கள் பயனர்பெயர் விடுபட்டதும் வேறொருவர் அதைக் கேட்டு வாங்கலாம், கடவுச்சொல்லை மீட்கும் கடிதம் அதன்பின் அவருக்குத்தான் போகும்.